முந்நூறு தோட்டாக்களுக்குப் போட்ட பாலிஷ்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நடப்பதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். எங்கள் ஊர் ரைபிள் கிளப்பின் ஆயுத அறை இந்த ஆடி மழைக்கு ஒழுகும் என்று போன மாசியிலேயே சொன்னேன், ஒழுகியது. என் தங்கை மகள் மிருதுளா மாநிலப் போட்டிக்குப் போவாள் என்று அவள் தொட்டிலில் கிடக்கும்போதே சொன்னேன். இந்த இருபத்து மூன்றாம் தேதி போகிறாள். தொட்டிலில் கிடந்தபடி இடது கண்ணை மட்டும் மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள், அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் எழுத்தில் இல்லாததால் யாரும் நம்புவதில்லை. அதனால் இன்று முதல் டைரி. மஞ்சள் மண்டியில் கொடுத்தது, மூன்று வருஷம் பழசு. கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

என் பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்தெட்டு. படிப்பு எட்டாவது. எட்டாவதை மூன்று தடவை படித்ததால் பத்தாவது என்றே வைத்துக்கொள்ளலாம். கிளப்பில் என்னை ‘மிலிட்டரி’ என்பார்கள், பன்னிரண்டு வருஷம் வெடிமருந்துக் கிடங்கில் இருந்தவன் என்பதால். எந்தக் கிடங்கு என்பது ரகசியம். இப்போது சுடுதளத்தைக் கூட்டுவது, இலக்கு அட்டை மாட்டுவது, சிவப்புக் கொடி ஏற்றுவது என்று மொத்தக் கிளப்பும் என் தலையில்தான் ஓடுகிறது. செயலாளர் ரோசலின் டீச்சர், பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. பார்த்து ஓய்வு பெற்றவர், சாவியும் கையெழுத்தும் மட்டும் அவருடையது.

இன்று காலை டீச்சர் ஆயுத அறையைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துப்பாக்கிகளுக்கு ஒன்றுமில்லை. மாநிலப் போட்டிக்கென்று வாங்கிய தோட்டாப் பெட்டிகள் பத்து. பெட்டிக்கு ஐம்பது. மேல்தட்டில் இருந்த நான்கு தப்பின. கீழே இருந்த ஆறு பெட்டியின் அட்டை நனைந்து ஊறிப்போயிருந்தது.

“மிலிட்டரி, நான் போய் ஓடு மாத்தற ஆளக் கூட்டிட்டு வர்றேன். கதவ உள்பக்கம் தாழ் போட்டுட்டு, பெட்டிய மட்டும் தொறந்து ஃபேன் காத்துல வைங்க. வேற ஒன்னும் பண்ணாதீங்க” என்றார் டீச்சர்.

‘வேற ஒன்னும் பண்ணாதீங்க’ என்பது அவர் எப்போதும் சொல்வது. ஏதாவது பண்ணினால்தான் வேலை நடக்கும் என்பது என் அனுபவம்.

முந்நூறு தோட்டாவையும் என் பழைய வேட்டியில் கொட்டிப் பரப்பினேன். கையால் துழாவிப் பார்த்தால் விரலில் பிசுபிசு என்று ஒட்டுகிறது. ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு பிசுக்கு. மழையில் ஊறி அழுக்கு ஏறிவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டேன். மற்றவனாக இருந்தால் அப்படியே பெட்டியில் போட்டிருப்பான். மஞ்சளையே எடுத்துக்கொள்வோமே. வேகவைத்துக் காயப்போட்டால் மட்டும் ஆயிற்றா? பாலிஷ் போடாத மஞ்சளை எவன் கையில் தொடுவான்? வேட்டி முனையைக் கிழித்து, ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து, மூக்கிலிருந்து அடிவரை அழுத்தித் துடைத்தேன். இரண்டரை மணி நேரம். முந்நூறும் நகைக்கடையில் வைத்த மாதிரி மின்னியது. பெட்டி அட்டையை ஃபேனில் காயவைத்து, மறுபடி ஐம்பது ஐம்பதாக அடுக்கினேன்.

டீச்சர் வந்து பெட்டியை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். உள்ளே திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மாலை போட்டிருப்பார்.

ஆகஸ்ட் 6

ஓடு மாற்றியாகிவிட்டது. நான் சொன்ன இடத்தில்தான் உடைந்திருந்தது. தங்கமணி வீட்டில் இல்லாததால் நானே ரசம் வைத்தேன். தங்கமணி என் தங்கை, மிருதுளாவின் அம்மா. நான் அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறேன். அவர்களுக்குத் துணையாக.

ஆகஸ்ட் 7

இந்தத் தோட்டாவின் அருமை ஊரில் யாருக்கும் தெரியவில்லை. டீக்கடையில் ஒருவன் “என்னுங் மிலிட்டரி, நீங்க சுடறது காக்கா வெரட்டற தோட்டாவாமா?” என்று கேட்கிறான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பாயிண்ட் டூ டூ என்பது இதன் பெயர். சுண்டு விரலில் பாதி நீளம். முதல் நன்மை, தோளை உதைக்காது. மிருதுளா பதிமூன்று வயதில் முதன்முதலில் சுட்டபோது கொத்தவரங்காய் மாதிரி இருந்தாள். பெரிய தோட்டாவாக இருந்தால் அவளைப் பின்சுவரில் இருந்துதான் பெயர்த்து எடுத்திருக்க வேண்டும். இரண்டாவது, சத்தம் குறைவு. சுடுதளத்து மண்மேட்டில் மைனாக்கள் உட்கார்ந்திருக்கும், சுட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு தடவை கன்றுக்குட்டி ஒன்று சுடுகிறவர் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியது. மூன்றாவது, விலை குறைவு, அதனால் நிறையச் சுட்டுப் பழகலாம். கைக்குப் புத்தி வருவதற்கு ஆயிரக்கணக்கில் சுட வேண்டும். நாலாவதுதான் பெரிசு. பள்ளிக்கூடப் பிள்ளை பழகுகிற ஓட்டைத் துப்பாக்கியிலும் இதே தோட்டா, பிஸ்டலிலும் இதே தோட்டா, உலகப் போட்டியில் பதக்கம் வாங்குகிறவன் துப்பாக்கியிலும் இதே தோட்டா. நேற்று வந்தவனுக்கும் நாற்பது வருஷம் சுட்டவனுக்கும் ஒன்றே. இப்படி இன்னொரு சாமான் உலகத்தில் இருக்கிறதா, உப்பைத் தவிர?

சின்னது என்று இளக்காரமும் கூடாது. குறி தவறினால் ஒரு மைல் தாண்டிப் போய் ஆளைக் கொன்றுவிடும். அதற்குத்தான் மண்மேடு, அதற்குத்தான் நான் ஏற்றும் சிவப்புக் கொடி.

இன்னொன்று. இது மெதுவாகப் போகிற தோட்டா. விசையை அழுத்தின பிறகும் குழாயைவிட்டு வெளியேறக் கண்ணிமைக்கிற நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் கை அசைந்தால், மூச்சு விட்டால், மனசு வேறு எங்காவது போனால்கூட அட்டையில் தெரிந்துவிடும். பெரிய தோட்டாவின் இரைச்சலிலும் உதையிலும் சுட்டவன் தன் பிழையை மறைத்துக்கொள்ளலாம். இது மறைக்க விடாது. இதை எனக்கு ஒரு கர்னல் சொன்னார். மிருதுளாவும் சொல்லியிருக்கிறாள். அவள்தான் முதலில் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மிருதுளா கல்லூரி முடிந்து வந்து நாற்பது குண்டு சுட்டாள். நானூறுக்கு எப்போதும் முந்நூற்று எண்பத்தைந்துக்குக் குறையமாட்டாள். இன்று முந்நூற்று அறுபத்தாறு.

அட்டையை எடுத்துவந்து நீட்டினேன். நடுவில் நெருக்கமாக இருக்க வேண்டிய ஓட்டைகள் கடுகு தாளித்த மாதிரி நாலு பக்கமும் தெறித்துக் கிடந்தன. அவள் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

“என்ன கண்ணு, மத்தியானம் சாப்பிட்டயா?”

“சாப்பிட்டனுங் மாமா.”

“என்ன சாப்பிட்ட?”

“தக்காளி சாதமுங்.”

“அதான். புளிப்பு நரம்புக்கு ஆகாது. மிலிட்டரில போட்டிக்கு முன்னால தக்காளியக் கண்ணுலயே காட்டமாட்டாங்க.”

சிரிக்காமல் தலையாட்டினாள். இடது முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். தங்கமணியிடம் தக்காளியை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

“ஏண்ணா, உனக்குத் தெரிஞ்ச வைத்தியம் பூராவும் மஞ்சக் குடோன்ல படிச்சதுதானே?” என்று தங்கமணி கேட்டாள். கூடப் பிறந்தவள் என்பதால் வாய் நீளம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முந்நூற்று அறுபத்திரண்டு. தக்காளி இல்லாமலேயே.

டீச்சர் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். கிளப்பில் போட்டிக்குத் தகுந்த ஜெர்மன் ரைபிள் ஒன்றே ஒன்று. மற்றவை என்.சி.சி. காலத்துக் கிழடுகள். ஜெர்மன் ரைபிள் மாநிலப் போட்டிக்கு மிருதுளாவோடு போவது என்று முடிவாகி இருந்தது. அடுத்த இடத்தில் இருப்பவன் அகிலேஷ், பல் டாக்டர் மகன், நல்ல பையன், அதிகம் பேசமாட்டான்.

“மிருதுளா, நான் மூஞ்சி பாத்து ரைபிள் குடுக்க முடியாது. வர்ற பதினேழாந்தேதி நீயும் அகிலேஷும் ஆளுக்கு நாப்பது குண்டு சுடுங்க. யாரு ஜாஸ்தியோ, அவங்க கூட ரைபிள் போகும்” என்றார்.

“சரிங் மிஸ்” என்றாள்.

ஜூனியர் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். மாநிலத்தில் அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபது எடுத்தால் தேசியப் போட்டி. இப்போது சுடுகிறபடி சுட்டால் ரைபிளே கிடைக்காது. எல்லோரும் போன பிறகும் தனியாக உட்கார்ந்து துப்பாக்கிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விடுவது, வெளியே எடுப்பது, துணியைப் பார்ப்பது. ஒவ்வொரு துணியும் கறுப்புக் கோடு கோடாக வந்தது. அப்புறம் டீச்சர் மேஜையில் இருந்த பெட்டிகளிடம் போய் எதையோ பார்த்தாள். நான் கொடியை இறக்கப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 11

காலையில் காபி கொடுக்க வந்தவள் நின்றுகொண்டே கேட்டாள்.

“மாமா, தோட்டா மேல மெழுகு மாதிரி ஒன்னு இருக்குமில்லீங், அது எதுக்குங்?”

“அதா? அது கம்பெனிக்காரன் துருப்பிடிக்காம இருக்கத் தடவறது கண்ணு. பொட்டிக்குள்ள இருக்கற வரைக்குந்தான் அது வேணும். சுடறதுக்கு முன்னால எடுத்துப்போடணும். மிலிட்டரில அதுக்குன்னே ஆளு உண்டு.”

“அப்படீங்களா?”

“பின்ன?”

இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். காபி டம்ளரை நான் கொடுக்கும்வரை நின்றாள். அப்புறம் வாங்கிக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 12

பெட்டியின் மூடியில் பொடி எழுத்தில் ஆங்கிலம் இருக்கிறது. காலி மூடி ஒன்று கிடந்ததை எடுத்துப்போய் மருந்துக்கடை பூபதியிடம் காட்டினேன். எனக்கு ஆங்கிலம் தெரியும், கண்ணாடிதான் சரியில்லை.

“குண்டு மேல மெழுகுப் பூச்சு இருக்குது, அதத் தொடைக்கக் கூடாதுன்னு போட்டிருக்குங்ணா. தொடச்சா ஈயம் குழாய்க்குள்ள ஒட்டுமாம், குறி தப்புமாம். ஏனுங், யாராச்சும் தொடச்சுப்போட்டாங்களா?”

“என் சிநேகிதன் ஒருத்தன்” என்றேன்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. மழை இல்லை. சுடுதளத்தில் நெருஞ்சி முளைத்திருந்தது, பிடுங்கினேன். இலக்கு அட்டை இருபது வெட்டினேன்.

மாலையில் டீச்சர் வந்தார். என்னையும் மிருதுளாவையும் கூப்பிட்டார்.

“ரெண்டு நாளா யோசிக்கறேன். உன் கை இப்படிப் போற கை இல்ல. அந்த ஆறு பெட்டியும் நனைஞ்சுதே, அதுல ஏதாச்சும் கோளாறா இருக்குமோ? மிலிட்டரி, நீங்கதானே காயவெச்சீங்க?”

“ஃபேன்லதானுங்” என்றேன். ஃபேனில்தான் காயவைத்தேன், அட்டையை.

டீச்சர் மிருதுளாவைப் பார்த்தார். மிருதுளா என்னைப் பார்த்தாள். நான் நெருஞ்சி முள் குத்திய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இல்லீங் மிஸ். தோட்டாவுல ஒன்னுமில்லீங். கைதான்” என்று இடது முழங்கையைத் தொட்டுக் காட்டினாள் மிருதுளா.

“முழங்கைக்கு என்ன?”

“ஊனறது சரியா வரமாட்டீங்குதுங். சரி பண்ணிக்கறனுங்.”

டீச்சர் என்னிடம், “பாத்தீங்களா, மத்த பிள்ளைகளா இருந்தா துப்பாக்கி சரியில்லை, தோட்டா சரியில்லைன்னு ஆயிரம் சாக்கு சொல்லும்” என்றார்.

ஆமாங் டீச்சர் என்றேன். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று தங்கமணியிடம் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 14

சொல்லிவிட்டேன்.

மாலை ஆறரை மணி. மிருதுளா அறையில் படித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் நேராக நின்றேன். “அம்மிணி, உன்னுடைய கையில் எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் என்னுடையது. மெழுகை நான்தான் துடைத்தேன். மேல்தட்டில் இருந்த நான்கு பெட்டியை நான் தொடவில்லை. பதினேழாம் தேதி அதை எடுத்துச் சுடு” என்றேன். கணீரென்று சொன்னேன்.

அவள் எழுந்து நின்றாள். கண் கலங்கியது. “மாமா, தவறு செய்யாதவர் யார்? அதை ஒப்புக்கொள்ளும் துணிச்சல் எத்தனை பேருக்கு உண்டு? நீங்கள் உண்மையான இராணுவ வீரர்” என்றாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் அவள் தலையில் கை வைத்தேன்.

மனசு இறகு மாதிரி ஆகிவிட்டது. டீச்சரிடம் சொல்ல வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் 15

கிளப்பில் கொடியேற்றினோம். மிட்டாய். சிவப்புக் கொடி ஏற்றாமல் வேறு கொடி ஏற்றும் ஒரே நாள். மிருதுளா எனக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மிருதுளா முந்நூற்று எண்பத்தாறு. அகிலேஷ் முந்நூற்று எண்பத்தொன்று. ரைபிள் எங்களுக்கு.

அட்டையை எடுக்கப் போகும்போதே தூரத்தில் தெரிந்தது. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து மறைத்துவிடலாம் போல ஓட்டைகள் கூடிக் கிடந்தன. நான் பதினான்காம் தேதி செய்த காரியத்தின் பலன்.

டீச்சர் ஒரு விஷயத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

“உங்க மருமக என்னமோ ராசி பாக்கறா மிலிட்டரி. மேல்தட்டுப் பெட்டிதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. கணக்குப் படிக்கற பிள்ளைக்கு ராசி ஒரு கேடா? சரி போ, எடுத்துக்கன்னேன். அதோட விட்டாளா? அகிலேஷுக்கும் அந்தப் பெட்டியிலதான் குடுக்கோணுமாம். போட்டின்னா ஒரே தோட்டாவா இருக்கோணுமாம்.”

அகிலேஷ் துப்பாக்கியை உறையில் வைத்துக்கொண்டே, “அஞ்சுல விட்டுட்டனே அக்கா” என்றான்.

“அடுத்த வருஷம் நீதான்டா. அந்த மூனாவது பத்துல மூச்சப் புடிச்சு ரொம்ப நேரம் வெச்சிருந்த, அதான்” என்று அவன் முதுகில் தட்டினாள் மிருதுளா.

மேல்தட்டில் இப்போது இரண்டு பெட்டி மிச்சம். மாநிலப் போட்டிக்கு அறுபது குண்டு, அதற்கு முன் குறி பார்த்துக்கொள்ளக் கொஞ்சம். போதும்.

ஆகஸ்ட் 20

பயண ஏற்பாடு. தங்கமணி புளிச்சாதம் கட்டலாமா என்று கேட்டாள், என் நரம்புத் தத்துவத்தை நினைத்துக்கொண்டு எலுமிச்சையும் வேண்டாம் என்றேன். கடைசியில் இட்லி. மிருதுளாவின் சுடும் ஜாக்கெட்டுக்குக் காஜா பிய்ந்திருந்தது, தைத்துக் கொடுத்தேன். என் தையல் நன்றாக இருக்கும். சாக்குத் தைத்த கை. அதாவது, மிலிட்டரியில் எல்லாம் நாமேதான் தைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 23, சனி

ஐந்நூற்று எழுபத்தைந்து. தேசியப் போட்டிக்குத் தகுதி.

ஆறாயிரம் பேர் கூடியிருந்தார்கள். அறுபது பேர் என்றும் சொல்லலாம். எங்களுக்குப் பின்வரிசையில் நாற்காலி. டீச்சர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மிருதுளா பாயில் குப்புறப் படுத்து, இடது முழங்கையை ஊன்றி, கன்னத்தைத் துப்பாக்கியில் வைத்தாள். முழங்கை அசையவே இல்லை. அதில் ஒருநாளும் கோளாறு இருந்ததே இல்லை.

முதல் பத்து தொண்ணூற்றாறு. அடுத்தது தொண்ணூற்றைந்து. அதற்கடுத்தது தொண்ணூற்றேழு. நாலாவது பத்தில் காற்று திரும்பி, தொண்ணூற்று மூன்றுக்கு விழுந்தது. டீச்சர் என் கையைப் பிடித்தார், பிடித்ததே அவருக்குத் தெரியாது. மிருதுளா கன்னத்தை எடுத்துவிட்டுக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தாள்.

நான் அவளுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தோட்டாவையும் நுனியைத் தொடாமல், அடியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி எடுத்துப் போட்டாள். கொஞ்சம் மெழுகு ஒட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் மடித்து வைத்த துணியில் விரலைத் துடைத்துக்கொண்டாள். விரலைத்தான். தோட்டாவை இல்லை.

ஐந்தாவது பத்து தொண்ணூற்றாறு. கடைசிப் பத்து தொண்ணூற்றெட்டு.

“ரோசலின், அழாத, பிள்ளைங்க பாக்குது” என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் அழவில்லை. மிலிட்டரிக்காரன். கண்ணில் பவுடர் புகை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஊருக்கு வந்து சேர்ந்தோம். டீச்சரோடு போய்த் துப்பாக்கியை ஆயுத அறையில் வைத்தேன். டீச்சர் பதிவேட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்.

“செவ்வாக்கிழமை கேர்ள்ஸ் ஸ்கூல்ல இருந்து என்.சி.சி. பிள்ளைங்க முப்பது பேர் வர்றாங்க. முத முதல்ல சுடப் போறாங்க, பாவம். நனைஞ்ச ஆறுல மிச்சம் இருக்கற அந்த அஞ்சு பெட்டிய அதுக்கு எடுத்து வைங்க.”

பீரோவில் இருந்து பெட்டிகளை இறக்கினேன். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பியபோது அடியில் பேனாவால் எழுதியிருந்தது. எறும்பு எழுத்து. மிருதுளாவின் எழுத்து எனக்குத் தெரியாதா?

‘துடைச்சது. 10/8.’

ஐந்து பெட்டியிலும் அதே.

பத்தாம் தேதி. அவள் என்னிடம் மெழுகைப் பற்றிக் கேட்டது பதினொன்றாம் தேதி. தெரியாமல் கேட்கவில்லை. காபி டம்ளர் காலியாகும்வரை நின்றாளே, அது டம்ளருக்காக இல்லை. பதின்மூன்றாம் தேதி டீச்சர் முன்னால் ‘கைதான்’ என்று சொன்னபோதும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். டீச்சர் அன்றைக்கே ரைபிளை அகிலேஷுக்குக் கொடுத்திருந்தால்?

செவ்வாய்க்கிழமை முப்பது பிள்ளைகள் வருவார்கள். குண்டு நாலு பக்கமும் தெறிக்கும். நமக்கு இதெல்லாம் வராது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். அதில் ஒருத்திக்காவது மிருதுளாவின் கை இருக்கும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலை எட்டு மணிக்கு டீச்சர் வீட்டுக்குப் போனேன். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முன்னமே தயார் செய்து வைத்திருந்த பேச்சு எதுவும் ஞாபகம் வரவில்லை.

“அந்த அஞ்சு பொட்டியும் வேண்டாமுங் டீச்சர். நான் தொடச்சுப்போட்டனுங்.”

“எத?”

“மெழுகுங். முந்நூறுலயும்.”

குழாயை மூடினார். அப்புறம் நிறையப் பேசினார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. வேற ஒன்னும் பண்ணாதீங்கன்னு சொன்னனா இல்லையா என்பதை மட்டும் ஏழு தடவை கேட்டார். அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்போதுதான் அவருக்கு ராசி விஷயம் புரிந்திருக்க வேண்டும், படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏன் மிலிட்டரி, பன்னெண்டு வருஷம் வெடிமருந்துக் கிடங்குல இருந்தீங்களே, இதக்கூடச் சொல்லித் தரலையா?”

குழாயைத் திறந்து மிச்சச் செடிகளுக்கு நான் தண்ணீர் விட்டேன். ஒரே நாளில் எவ்வளவுதான் சொல்வது?

வேலையைவிட்டு நிறுத்தவில்லை. இனி ஆயுத அறைக்குள் நான் போகக் கூடாது. வெளியே கூட்டுவது, அட்டை, கொடி மட்டும். ஐந்து பெட்டியும் தள்ளி வைத்தாயிற்று. அதன்மேல் ‘சுடக்கூடாது, துடைத்தது’ என்று என் கையாலேயே எழுதி ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். நாளைக்கு வரும் பிள்ளைகளுக்கு வேறு தோட்டா பக்கத்து ஊர்க் கிளப்பில் கேட்டிருக்கிறார்.

மாலையில் மிருதுளா கல்லூரிவிட்டு நேராக என் அறைக்கு வந்தாள். டீச்சர் போன் செய்திருப்பார்.

“போனீங்களாமா?”

“போனேன்.”

“நீங்களே போயிச் சொன்னீங்களா?”

“பின்ன?”

பெட்டியின் அடியில் இருந்ததைப் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

“மாமா, முந்நூறையும் ஒவ்வொன்னாவா தொடச்சீங்க?”

“ஒவ்வொன்னா.”

“எவ்வளவு நேரமுங்?”

“ரெண்டரை மணி நேரம்.”

அப்படிச் சிரித்தாள். தங்கமணி சமையலறையில் இருந்து எட்டிப் பார்க்கும்வரை சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு, “பளபளன்னுதானுங் இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இதை எழுதிக்கொண்டே முதல் பக்கத்தில் இருந்து புரட்டிப் பார்த்தேன். நாளைக்கு இந்த டைரி அவள் கையில் கிடைத்தாலும் கிடைக்கும். அதனால் ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன். கன்றுக்குட்டி தூங்கியது, கர்னல், அதெல்லாம் கிடக்கட்டும்.

பதினான்காம் தேதி நான் அவளிடம் சொல்லவில்லை. அப்படி எழுதினது நானாகக் கட்டினது. அவள் என்றைக்கு அப்படிப் பேசினாள்? அறை வாசல்வரை போனது நிஜம். அவள் புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கி, “என்னுங் மாமா?” என்று கேட்டு, புத்தகத்தை மூடிக் கீழே வைத்தாள். மூடி வைத்துவிட்டு, சொல்லுங்க என்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஒன்னுமில்ல கண்ணு. ஃபேன் சத்தம் போடுதே, எண்ணெ விடலாமுன்னு வந்தேன்” என்றேன்.

ஸ்டூல் போட்டு ஏறி எண்ணெய் விட்டேன். அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஃபேன் சத்தமே போடவில்லை.